முதலமைச்சர் கோப்பை: ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு எந்த அளவுக்கு ஏற்றது?

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் பள்ளி, கல்லூரி, மாற்றுத்திறனாளிகள், பொதுமக்கள், அரசு ஊழியர்கள் என ஐந்து பிரிவுகளாக நடைபெறுகின்றன. அவற்றில் பள்ளிப் பிரிவை மட்டும், உயர்நிலை வகுப்பில் படிக்கும் பிள்ளையை மைதானத்துக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரின் நிலையிலிருந்து இங்கே மதிப்பிடுகிறேன்.

பரிசுத் தொகையைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. 2024ஆம் ஆண்டுப் போட்டிகளில், மாநில அளவில் தனிநபர் பிரிவில் முதலிடம் பெற்றவருக்கு ஒரு லட்சம் ரூபாயும், அடுத்த இரு இடங்களுக்கு 75 ஆயிரம், 50 ஆயிரம் ரூபாயும் அறிவிக்கப்பட்டிருந்தன. மாவட்ட அளவில் முதல் பரிசு 3,000 ரூபாய்தான். நல்ல ஸ்பைக்ஸ் காலணி ஒரு ஜோடிக்கே அது போதுமா என்பது சந்தேகம். ஆனாலும், கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்துப் பிள்ளை ஓடிச் சம்பாதித்த பணம் என்ற வகையில் அதற்கொரு மதிப்பு உண்டு. தடகளம், நீச்சல் போன்றவற்றோடு கபடி, சிலம்பம் ஆகியவற்றுக்கும் உரிய இடம் தரப்பட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

என் முதன்மையான கருத்து மாறுபாடு வயது வரம்பைப் பற்றியது. பள்ளிப் பிரிவு 12 முதல் 19 வயது வரை ஒரே பிரிவாக வைக்கப்பட்டிருக்கிறது. பள்ளிக் கல்வித் துறை நடத்தும் குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் எனத் தனித்தனிப் பிரிவுகள் இருப்பதால், பத்தாம் வகுப்பு மாணவர் ஏறத்தாழத் தம் வயதினரோடே மோதுகிறார். இங்கோ அவர் 100 மீட்டர் ஓட்டத்தின் ஹீட்ஸ் எனப்படும் தகுதிச் சுற்றிலேயே, மீசை முளைத்துத் தோள் விரிந்த பிளஸ் டூ அண்ணன்மாருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. வளரிளம் பருவத்தில் இரண்டு, மூன்று ஆண்டு வித்தியாசம் உடல் வலுவில் எவ்வளவு பெரியது என்பது எந்த உடற்கல்வி ஆசிரியருக்கும் தெரியும். அப்படியிருக்க, திறமையுள்ள 14 வயதுப் பிள்ளை முதல் சுற்றிலேயே வெளியேறி, தனக்கு ஓட்டம் வராது என்ற முடிவோடு வீடு திரும்புவதற்கு இந்த அமைப்பே வழி செய்கிறது. சதுரங்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை. கபடியில் மிக அதிகம்.

குழு ஆட்டங்கள் மாவட்ட அளவில் பெரும்பாலும் நாக் அவுட் முறையில் நடப்பதால், தொலைவிலிருந்து பேருந்து பிடித்து வந்த அணி ஒரே ஆட்டத்தோடு ஊர் திரும்ப நேர்கிறது. 2024இல் பதிவு செய்தோர் எண்ணிக்கை பதினொரு லட்சத்தைத் தாண்டிய நிலையில் எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதும் லீக் முறைக்கு நேரம் இருக்காது என்பது நியாயமான பதில்தான். தோற்ற அணிகளுக்கு இன்னோர் ஆட்டமாவது தரலாம் என்பது என் எதிர்பார்ப்பு. நான் சென்ற மைதானத்தில் காலை அறிவிக்கப்பட்ட ஓட்டம் உச்சி வெயிலில்தான் தொடங்கியது. குடிநீர் இருந்தது, பிள்ளைகள் ஒதுங்க நிழல் இல்லை.

மாநில இறுதிச் சுற்று வேறு தரத்தில் இருக்கிறது. சென்னை நேரு விளையாட்டரங்கின் செயற்கை இழை ஓடுதளமும் வேளச்சேரி நீச்சல் குளமும், செம்மண் தரையிலும் ஊர்க் கிணற்றிலும் பழகிய பிள்ளைகளுக்கு முற்றிலும் புதிய அனுபவம். அதே காரணத்தால் அவர்கள் அங்கே தடுமாறுவதும் உண்டு. 2024 பதக்கப் பட்டியலில் சென்னை, செங்கல்பட்டு, கோயம்புத்தூர் மாவட்டங்கள் முதல் மூன்று இடங்களைப் பிடித்ததில், திறமையோடு பயிற்சி வசதிக்கும் பங்கு இருப்பதாகவே கருதுகிறேன்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களைத் தயங்காமல் அனுப்பலாம். ஒன்பது, பத்தாம் வகுப்பினர் பள்ளிக் கல்வித் துறையின் குறுவட்டப் போட்டிகளை (அருகருகே உள்ள பள்ளிகளுக்கு இடையிலானவை) முதன்மையாகக் கொண்டு, இதை அனுபவத்துக்காக மட்டும் அணுகுவது நல்லது. செல்லும்போது ஆதார் அட்டையும் போனஃபைடு சான்றிதழும் வங்கிக் கணக்குப் புத்தக நகலும் கையில் இருக்கட்டும். மைதானத்துக்கு அருகில் ஜெராக்ஸ் கடை இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.