முத்தையன்கட்டுக் கிணத்தடியில் ஐந்து வருடம்: எஸ்டி காட், கேர்னல், கரண்ட் கட்

என்ர கடை மேசை லாச்சிக்குள் ஒரு சின்ன மட்டைப் பெட்டி கிடக்கிறது. அதற்குள் செத்துப்போன மைக்ரோ எஸ்டி காட் ஏழு. நகத்தளவு காட்டில் திகதி எழுத இடமில்லை என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொலித்தீன் பையில் போட்டு மேலே எழுதியிருக்கிறேன். முதல் நாலும் 2021 இல் போனவை. கடைசி 2023 ஆவணி. அதற்குப் பிறகு பெட்டிக்குள் ஒன்றும் சேரவில்லை.

கடை மாங்குளத்தில். போட்டோக்கொப்பி, ரீலோட், கொம்பியூட்டர் திருத்தம். அக்காவின் குடும்பம் முத்தையன்கட்டில் மிளகாயும் கச்சானும் செய்கிறார்கள். சிறுபோகத்தில் கிணறு வற்றுகிற நேரம் மோட்டர் தண்ணியில்லாமல் ஓடி ஒருக்கால் கொயில் எரிந்துபோனது. அதற்குப் பிறகுதான் கிணத்துக்கு மேலே ஒரு அல்ட்ராசொனிக் சென்சரும், பக்கத்து மோட்டர் கொட்டிலில் ராஸ்பெரி பை 3பி என்ற பழைய குட்டிக் கொம்பியூட்டரும் வைத்தேன். அதற்கு ஹார்ட் டிஸ்க் இல்லை, லினக்ஸும் தரவும் எல்லாம் எஸ்டி காட்டில்தான். பத்துச் செக்கனுக்கு ஒருக்கால் தண்ணி மட்டத்தை அளந்து எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளப் பைலில் எழுதும். மட்டம் இறங்கினால் அத்தானின் போனுக்குச் செய்தி போகும். 2020 மார்கழியில் தொடங்கின வேலை.

மூன்று மாதத்தில் முதல் காட் போனது. லினக்ஸின் மையமான கேர்னல், நடப்பதைக் குறித்துவைக்கும் லொக்கில் 'எரர் மைனஸ் 110' வரிசையாக ஓடியது. 110 என்றால் நேரம் கடந்தும் காட் பதில் சொல்லவில்லை. சில நாளில் மைனஸ் 84 வரும். அது தரவு வந்தது, ஆனால் சரிபார்ப்பில் பிழைத்தது. இந்த இரண்டு எண்ணையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 84 வந்தால் நான் முதலில் வயரையும் வோல்டேஜையும்தான் சந்தேகப்படுவேன். 110 திரும்பத் திரும்ப வந்தால் காட்டை மாற்றிவிடுவேன்.

அப்போது எனக்கு இது தெரியாது. எஸ்டி காட்டுக்குள் இருக்கும் நினைவகச் சிப் வகைக்குப் பிளாஷ் என்று பெயர். லினக்ஸில் பிளாஷ் என்று தேடினால் முதலில் எம்டிடி என்ற கேர்னல் பகுதி வந்து நிற்கும். டேவிட் வூட்ஹவுஸின் வேலை அது. ஜேஎஃப்எஃப்எஸ்2 என்ற பைல் சிஸ்டமும் (பைல்களைச் சிப்பில் அடுக்கிவைக்கும் முறை) அவருடைய கைதான், 2001 இல் 2.4.10 கேர்னலோடு வந்தது. கரண்ட் போனாலும் தாங்கும், தேய்மானத்தைப் பங்கிட்டுக் கொள்ளும் என்று வாசித்ததும் எனக்காகவே செய்ததுபோல் இருந்தது. கேர்னலில் எம்டிடி பகுதி முழுவதையும் போட்டு, இரண்டு இரவு நித்திரை முழித்துக் கட்டி, கேர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் அடைவுக்குள் இருக்கும் எம்டிடி பைலைத் திறந்து பார்த்தேன். 'டெவ், சைஸ், இரேஸ்சைஸ், நேம்' என்று தலைப்பு வரி மட்டும். அதற்குக் கீழே வெறுமை.

எஸ்டி காட்டில் எம்டிடிக்கு வேலையே இல்லை. எம்டிடி என்பது பச்சைப் பிளாஷுக்கு, அதாவது நடுவில் ஒருவரும் நில்லாமல் கேர்னல் நேரே கையாளும் சிப்புக்கு. எஸ்டி காட், பென் ட்ரைவ், எஸ்எஸ்டி எல்லாவற்றிலும் உள்ளே ஒரு குட்டிக் கொன்ட்ரோலர் இருக்கிறது. எந்தத் தரவு எந்தக் கட்டத்துக்குப் போகவேண்டும், பழுதான கட்டம் எது என்பதையெல்லாம் அது தன் பாட்டில் பார்த்துக்கொண்டு, வெளியே ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க் மாதிரி நடிக்கும். கேர்னல் அதை எஸ்டி காட்டுக்கான எம்எம்சி பிளொக் ட்ரைவர் வழியாகத்தான் பார்க்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்க எங்களுக்கு வழியில்லை.

சரி, கேர்னல் கட்டிப் பழகியாச்சே என்று அடுத்த ஆசை பிடித்தது: வேண்டாததை எல்லாம் கழற்றி மெலிந்த கேர்னல் ஒன்று. கேர்னலில் எது எது வேண்டும் என்று தெரிவுசெய்யும் மெனுகொன்ஃபிக் திரையில் ஒவ்வொரு ட்ரைவருக்கும் முன்னால் நட்சத்திரம் போட்டால் அது கேர்னலுக்குள்ளேயே இருக்கும். எம் போட்டால் தனி மொடியூலாகக் காட்டில் கிடந்து, தேவைப்படும்போது ஏறும். எம் போடுவது சிக்கனம் என்று நினைத்துக் கண்டபடி எம் போட்டேன். எம்எம்சி பிளொக்கிற்கும்.

கடையில் சோதிக்காமல் நேரே தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டது அடுத்த மடைத்தனம். பெட்டி எழும்பவில்லை. அங்கே திரை இல்லை. கடைக்கு வந்து மொனிட்டரைச் சாக்கில் சுற்றி, மோட்டச்சைக்கிள் பின்சீற்றில் ரியூப்பால் கட்டிக்கொண்டு ஒட்டுசுட்டான் வழியாகத் திரும்பப் போனேன். கொட்டிலுக்குள் மிளகாய்ச் சாக்குக்கு மேலே மொனிட்டரை வைத்துக் கொழுவினால் எழுத்துகள் ஓடி ஓடி ஒரு வரியில் நின்றுவிட்டன: 'வெயிற்றிங் ஃபோர் ரூட் டிவைஸ்'. ரூட், அதாவது லினக்ஸின் பைல்கள் எல்லாம் இருக்கும் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறதாம்.

அத்தான் வாசலில் நின்று பார்த்தார். "என்ன தம்பி சொல்லுது?"

"காட்டைக் காணேல்லயாம் அத்தான்."

"அந்தக் காட்டுக்குள்ள இருந்துதானே உதே வந்தது?"

கேள்வி நியாயம். ராஸ்பெரி பையில் கேர்னலை எஸ்டி காட்டிலிருந்து எடுத்து ஏற்றிவிடுவது லினக்ஸ் இல்லை, போர்ட்டின் சொந்த பேர்ம்வெயார். அதற்குக் காட்டை வாசிக்கத் தெரியும். ஏறின பிறகு கேர்னல் தன் சொந்த ட்ரைவரைத் தேடும். அந்த ட்ரைவரை நான் மொடியூலாக அதே காட்டுக்குள் வைத்துவிட்டேன். பெட்டிக்குள் திறப்பை வைத்துப் பூட்டின கதை. கேர்னலோடு சேர்ந்தே ரேமுக்கு ஏறும் குட்டிப் பைல் கட்டான இனிட்ராம்எஃப்எஸ் இருந்தால் அதற்குள் மொடியூலை வைத்துச் சமாளிக்கலாம், நான் அதுவும் செய்யவில்லை. ரூட் எந்தச் சாதனத்தில் இருக்கிறதோ, அதன் கொன்ட்ரோலர், பிளொக் ட்ரைவர், பைல் சிஸ்டம் மூன்றுக்கும் நட்சத்திரம்தான் போடவேண்டும்.

மூன்றாவதை மறந்து பின்னர் இன்னொருக்கால் மாட்டுப்பட்டேன். ரூட்டை எஃப்2எஃப்எஸ் என்ற பைல் சிஸ்டத்துக்கு மாற்றியபோது கேர்னல் பானிக், அதாவது கேர்னல் மேலே போக முடியாமல் நின்றுவிட்டது. அந்த வரியின் முடிவில் 'அன்னோன் பிளொக்' என்று போட்டு அடைப்புக்குள் 179, 2 என்று இருந்தது. இந்த எண்கள் வீணுக்கு வருவதில்லை. 179 என்பது எம்எம்சி பிளொக் சாதனத்தின் இலக்கம், 2 என்பது காட்டின் இரண்டாவது பார்ட்டிஷன், அதாவது பிரிவு. அப்படியென்றால் காட் தெரிகிறது, பைல் சிஸ்டத்தைத்தான் வாசிக்கத் தெரியவில்லை. 0, 0 என்று வந்தால் சாதனமே தெரியவில்லை. இதை ஒருவர் முதலே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு பின்னேரம் மிச்சம்.

எஃப்2எஃப்எஸ் பற்றிக் கேட்பார்கள். சாம்சங்கில் உருவாகி 2013 இல் 3.8 கேர்னலோடு வந்தது, கொன்ட்ரோலர் உள்ள பிளாஷை மனதில் வைத்தே செய்தது. எட்டு மாதம் ஓட்டினேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் லினக்ஸின் வழக்கமான பைல் சிஸ்டமான ஈஎக்ஸ்ரி4 க்குத் திரும்பிவிட்டேன். காட்டைக் கழற்றிக் கிளிநொச்சியில் யாருடைய மடிக்கணினியில் போட்டாலும் திருத்தக்கூடிய கருவி அதற்குத்தான் கைவசம் இருக்கும். பைல் சிஸ்டத்தை மாற்றியதால் காட்டின் ஆயுள் கூடியதாகவும் எனக்குத் தெரியவில்லை.

ஆயுளைக் கூட்டியது எழுதுவதைக் குறைத்ததுதான். முதலில் ஈஎக்ஸ்ரி4 இன் கொமிட் நேரத்தை, அதாவது ரேமில் சேர்ந்ததைக் காட்டுக்குத் தள்ளும் இடைவெளியை, வழக்கமான 5 செக்கனிலிருந்து 600 ஆக்கினேன். ஒரு மாற்றமும் இல்லை. ஏனென்று பிடிக்க நாள் எடுத்தது. எஸ்கியூலைட் ஒவ்வொரு வரியையும் எழுதி முடிந்ததும் எஃப்சிங்க் கேட்கும், 'இப்போதே காட்டில் எழுது' என்ற கட்டளை அது. எஃப்சிங்க் வந்தால் கொமிட் நேரம் எவ்வளவு இருந்தாலும் கேர்னல் உடனே காட்டுக்குத் தள்ளத்தான் வேண்டும். பத்துச் செக்கனுக்கு ஒன்று என்றால் நாளுக்கு 8640 தடவை. எழுதுவது ஐம்பது பைற், அதற்காகக் காட்டுக்குள்ளே எவ்வளவு பெரிய கட்டம் பிரண்டு கொடுக்கிறதோ.

இப்போது அளவுகளை ரேமில் இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ் என்ற தற்காலிகப் பைல் சிஸ்டத்தில் சேர்த்து, மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஒரே கட்டாகக் காட்டில் எழுதுகிறது. நாளுக்கு 24. கரண்ட் போனால் ஒரு மணித்தியாலத்துக் கணக்குப் போகும். கிணத்து மட்டத்துக்கு அது பரவாயில்லை. கடைக் கணக்குக்கு இப்படிச் செய்யாதீர்கள்.

ரூட்டை ஓவர்லேயால் மூடியிருக்கிறேன். 2014 கடைசியில் 3.18 கேர்னலில் சேர்ந்த வசதி அது. கீழே காட் வாசிக்க மட்டும், மேலே எழுதுவது எல்லாம் ரேமுக்கு. கரண்ட் போனால் மேல் தட்டு அழியும், கீழே இருப்பதில் கீறல் விழாது. தரவுக்கு மட்டும் மூன்றாவது பார்ட்டிஷன் எழுதத் திறந்திருக்கிறது, வாசித்த நேரத்தைக் குறிக்காமல் விடும் நோஏடைம் போட்டு. இதற்கெல்லாம் சொந்தக் கேர்னல் தேவையேயில்லை, ராஸ்பெரி பைக்கான லினக்ஸாகிய பை ஓஎஸ்ஸோடு வரும் கேர்னலில் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நான் சொந்தக் கேர்னல் கட்டவேண்டி வந்தது.

ஓவர்லேயில் ஒரு பொறி உண்டு. என் நிரலின் லொக் வளர்ந்துகொண்டே போய் நாற்பது நாள் அளவில் 1 ஜிபி ரேமை அடைத்துவிட்டது. லொக் ரேமில் என்றால் அதற்கொரு மேல் எல்லையும் போட்டுவிடுங்கள்.

2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில் இந்த அமைப்புத்தான் ஓடியது. நாளுக்கு மூன்று நாலு தடவை விழுந்து எழும்பியது. காட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு முந்திய வருடம் அப்படி விழுந்திருந்தால் பெட்டிக்குள் இன்னும் நாலு சேர்ந்திருக்கும்.

காட் சாவுக்கு இன்னொரு காரணம் கேர்னலில் இல்லை. மோட்டர் ஸ்டார்ட் எடுக்கும்போது கொட்டிலில் லைற் மங்கும். அந்தக் கணம் ராஸ்பெரி பைக்குப் போகும் 5 வோல்ற்றும் இறங்கும். 4.63 வோல்ற்றுக்குக் கீழே போனால் கேர்னல் லொக்கில் 'அண்டர் வோல்டேஜ் டிடெக்டட்' என்று எழுதும். போன் சார்ஜரின் இரண்டு மீற்றர் வயரை எறிந்துவிட்டு, ஒரு பழைய 12 வோல்ற் பற்றரியிலிருந்து 5 வோல்ற்றாக இறக்கிக் கொழுவிய பிறகு அந்த வரியைக் காணவில்லை. லாச்சியில் இருப்பவற்றில் இரண்டு போலிக் காட்டும் உண்டு. 64 ஜிபி என்று மேலே எழுதியிருக்கும், எஃப்3 என்ற கருவியால் எழுதி வாசித்தால் 8 தான். இப்போது எந்தக் காட் வாங்கினாலும் முதல் வேலை அதுதான்.

எம்டிடி கற்றது வீண்போகவில்லை, கடை ரவுட்டரில் பயன்பட்டது. அதில் இருப்பது எஸ்பிஐ நோர் என்ற 8 எம்பி பச்சைப் பிளாஷ் சிப், ரவுட்டருக்கான லினக்ஸாகிய ஓபன்டபிள்யூஆர்டி போட்டிருக்கிறேன். அங்கே எம்டிடி பைலைத் திறந்தால் யூ-பூட் (கேர்னலை ஏற்றிவிடும் நிரல்), கேர்னல், ரூட்எஃப்எஸ் (ரூட்டின் பைல்கள்), ஆர்ட் என்று வரிசை வரும். இந்தச் சிப்பில் ஒரு பிட்டை ஒன்றிலிருந்து பூச்சியமாக்கலாம். திருப்பி ஒன்றாக்க முழுக் கட்டத்தையும், 64 கேபியையும், அழிக்கவேண்டும். பாத்தியில் எந்த நேரமும் ஒரு கன்று நடலாம், ஆனால் பழையபடி வெறும் நிலமாக்க முழுப் பாத்தியையும் கொத்திப் பிரட்டவேணும் என்கிற மாதிரி. அதனால் இந்தச் சிப்பைச் சாதாரண டிஸ்க் மாதிரிக் காட்டும் எம்டிடிபிளொக்கிற்கு மேலே ஈஎக்ஸ்ரி4 போடாதீர்கள். ஒரு சின்ன எழுத்துக்கும் கட்டம் முழுவதும் அழிந்து திரும்ப எழுதப்படும், நடுவில் கரண்ட் போனால் பாத்தியோடு போகும். 4 கேபி துண்டாக அழிக்கும் வசதியும் எஸ்பிஐ நோர் ட்ரைவரில் உண்டு. அதோடு பச்சைப் பிளாஷுக்கான இன்னொரு பைல் சிஸ்டமான யூபிஐஎஃப்எஸ் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன், ஒட்டவில்லை. அதற்குக் குறைந்தது 15 கேபி அழிப்புக் கட்டம் வேண்டும் என்று மெனுகொன்ஃபிக்கின் உதவிப் பந்தியிலேயே இருக்கிறது. வாசிக்கவில்லை, என்ர குற்றம்.

ஆர்ட் என்ற கடைசி 64 கேபியைத் தொட முன் பிரதி எடுங்கள். வைஃபை சிப்பின் அளவுதிருத்தம் அதற்குள்தான், பெட்டிக்குப் பெட்டி வேறு, இன்னொரு ரவுட்டரிலிருந்து எடுத்துப் போட்டுச் சரிவராது. வழமையாக அது எழுத முடியாதபடி பூட்டியிருக்கும். நான் பூட்டைத் திறந்து யூ-பூட்டில் கைவைக்கப் போய், இலக்கத்தை மாறி அடித்து ஆர்ட்டை அழித்தேன். வைஃபை லைற் அணைந்தது. முதல் நாளே பென் ட்ரைவில் எடுத்து வைத்த பிரதி இருந்ததால் பத்து நிமிடத்தில் திரும்பியது.

இசட்ரேம் பற்றிப் பெரிதாகச் சொல்ல இல்லை. கடைக்கு வரும் பிள்ளைகள் பாவிக்கும் 2 ஜிபி மடிக்கணினியில் போட்டேன். ரேம் நிறையும்போது வழக்கமாக டிஸ்க்குக்கு ஒதுக்கும் ஸ்வாப்பைச் சுருக்கி ரேமுக்குள்ளேயே வைக்கும். முன்பு எட்டாவது டாப்பில் உறைந்த பிரௌசர் இப்போது தாங்குகிறது. அதேபோல் சுருக்கும் இன்னொரு வசதியான இசட்ஸ்வாப்பையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள், ஒன்றுக்கு முன்னால் ஒன்று நின்று ஒரே பக்கத்தை இரண்டு தரம் சுருக்கப் பார்க்கும்.

ஏழாவது காட்டைப் பற்றிச் சொல்லவில்லை. 2023 இல் ஒரு புதுப்பிப்புக்காக ஓவர்லேயை எடுத்தேன், திருப்பிப் போட மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அந்தக் காட் விசித்திரமாகச் செத்தது. எழுதினால் எழுதப்பட்டதுபோல் காட்டும், பிழை ஒன்றும் வராது, ரீபூட் பண்ணினால் பழைய கோலம். இப்போது பெட்டி மூடியில் மார்க்கரால் 'ஓவர்லே போட்டாச்சா?' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். நான் கடையிலிருந்து ஏதாவது மாற்றிவிட்டு அத்தானுக்குப் போன் எடுத்தால், மனிசன் ஹலோ சொல்ல முன்னமே அதை வாசிக்கிறார்.