எடை போடுவதா, ஜிசியில் ஓட்டுவதா: டீசல் ஊறிய மண்ணுக்கு எந்தச் சோதனை?

சங்ககிரி பக்கம் நாங்கள் வாங்கிய இடத்தில் முன்பு லாரி பட்டறை இருந்தது. ஒரு மூலையில் தரைக்கடியில் டீசல் டேங்க், அதிலிருந்து இருபதடி தள்ளிக் கிணறு. டேங்கைத் தோண்டி எடுத்தபோது அடிமண் கறுத்திருந்தது, வாடை மூக்கைத் துளைத்தது. பிள்ளைகள் குடிக்கப்போகிற கிணறு. மண்ணைச் சோதிக்காமல் அஸ்திவாரம் போட மனம் வரவில்லை.

ஆய்வகத்தில் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று ‘ஆயில் அண்ட் கிரீஸ்’ எனப்படும் எடை முறை. இன்னொன்று கேஸ் குரோமட்டோகிராபி, சுருக்கமாக ஜிசி. செலவு எடை முறையில் குறைவு, ஜிசியில் சில மடங்கு அதிகம். ஒரே மண்ணை இரண்டுக்கும் கொடுத்துப் பார்த்த பிறகு சொல்கிறேன்: டீசல் என்றால் ஜிசிதான்.

எடை முறை எளிமையானது. மண்ணை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து எண்ணெயைக் கரைத்தெடுப்பார்கள். பிறகு ஹெக்சேனை ஆவியாக்கி, மிஞ்சியதைத் தராசில் வைப்பார்கள். பிரச்சினை அந்த ஆவியாக்கும் கட்டத்தில்தான். ஹெக்சேன் 69 டிகிரியில் கொதித்துப் போகும்போது பெட்ரோல் கிட்டத்தட்ட முழுவதும் கூடவே போய்விடும், டீசலின் லேசான பகுதியும் போகும். போனது எவ்வளவு என்று தராசு சொல்லாது. இன்னொரு பக்கம், ஹெக்சேனில் கரைகிற எல்லாமே எண்ணெய்க் கணக்கில் சேர்ந்துவிடும். சாணக் கொழுப்பு, இலைதழை மெழுகு எல்லாம் அடக்கம். சிலிக்கா ஜெல்லில் வடிகட்டினால் கொழுப்பு நின்றுவிடும், ஆனால் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

எங்களுக்கு நடந்தது இதுதான். டேங்குக்கு அடியில் ஒன்று, லாரி கழுவிய இடத்தில் ஒன்று, பழைய குப்பைமேட்டில் ஒன்று என மூன்று மண் கொடுத்தோம். எடை முறையில் குப்பைமேட்டு மண்ணுக்குத்தான் அதிக எண் வந்தது. அந்தத் தாளை மட்டும் நம்பியிருந்தால் குப்பைமேட்டைத் தோண்டிக் கொட்டிவிட்டு, கிணற்றுப் பக்கத்து மண்ணை அப்படியே விட்டிருப்போம்.

ஜிசி கொடுப்பது ஒரே எண் அல்ல, ஒரு படம். எண்ணெயில் உள்ள கார்பன் சங்கிலிகள் சிறியது முதல் பெரியது வரை ஒவ்வொன்றாக வெளியே வந்து சிகரம் சிகரமாகப் பதியும். டீசல் ஏறக்குறைய 10 கார்பன் முதல் 25 வரை விழும். குப்பைமேட்டு மண்ணில் அந்தப் பகுதி கிட்டத்தட்ட வெறுமை. 27, 29, 31 என்று ஒற்றைப்படையில் மட்டும் சிகரங்கள் உயர்ந்திருந்தன. அது செடிகளின் மெழுகு, பெட்ரோலியம் இல்லை. டேங்க் அடிமண்ணில் டீசலின் வரிசை அப்படியே தெரிந்தது.

அந்தப் படம் சொன்ன அடுத்த விஷயம்தான் எங்களுக்குப் பெரியது: கசிவு எவ்வளவு பழசு? மண்ணிலுள்ள பாக்டீரியா நேர்ச்சங்கிலியை முதலில் தின்னும். கிளை விட்ட சங்கிலியான பிரிஸ்டேனை மெதுவாகத்தான் தொடும். புது டீசலில் நேர்ச்சங்கிலியான 17 கார்பன் சிகரம் பிரிஸ்டேனைவிட உயரமாக நிற்பதுதான் வழக்கம். எங்கள் படத்தில் அது குட்டையாகிப் பிரிஸ்டேன் மட்டும் உயர்ந்து நின்றது, அடியில், தனித்தனிச் சிகரமாகப் பிரியாத மிச்சமெல்லாம் சேர்ந்த ஒரு பெரிய மேடு. ஆக, பழைய கசிவு. வேறெங்கோ புதைந்த குழாய் இன்னும் ஒழுகுகிறதோ என்ற பயம் அன்றுதான் கொஞ்சம் விலகியது. எத்தனை வருஷம் என்று துல்லியமாக இதை வைத்துச் சொல்ல முடியாது. மண்ணுக்கு மண் வேகம் மாறும்.

எண்ணை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் இருக்கிறது. நெதர்லாந்தில் கிலோ மண்ணுக்கு 5000 மில்லிகிராம் என்று ஒரு தலையீட்டு வரம்பு உண்டு, அதாவது அதைத் தாண்டினால் மண் மோசமாகக் கெட்டிருக்கிறது என்று கணக்கு. அது ஜிசியில் 10 முதல் 40 கார்பன் வரை அளந்த எண்ணெய்க்கானது. தராசில் வந்த எண்ணை அதற்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

எடை முறைக்கும் இடம் உண்டு. கிரீஸ், தார் போன்ற கனமானவை ஜிசியில் சரியாக ஏறாது. அங்கே தராசு நன்றாக வேலை செய்யும். லாரி கழுவிய இடத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. பெட்ரோல் கசிந்த மண்ணை நான் சோதித்ததில்லை. அதற்கு பென்சீனைத் தனியாகப் பார்க்க வேண்டும், மண் எடுக்கும் முறையே வேறு. அதில் ஆய்வகத்தார் சொல்வதைக் கேளுங்கள்.

எந்தச் சோதனையானாலும் மண்ணை எடுப்பதில் கவனம் வேண்டும். நாங்கள் முதலில் பாலிதீன் பையில் கட்டிக்கொண்டு போனோம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண்ணாடி பாட்டிலில் காற்று நிற்காமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, சீக்கிரம் கொண்டுபோங்கள்; 14 நாளைக்குள் கரைத்தெடுப்பு முடிய வேண்டும். ஆய்வகத்தின் என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் தண்ணீருக்கு மட்டுமா, மண்ணுக்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

டேங்க் அடிமண்ணை வாடை நிற்கும் ஆழம்வரை எடுத்துவிட்டோம். குழியின் அடியிலிருந்தும் கிணற்றுப் பக்கச் சுவரிலிருந்தும் எடுத்த மண் இப்போது ஜிசிக்குப் போயிருக்கிறது. அப்புறம் கிணற்றுத் தண்ணீர்.