கொக்குவில் குரோசே வகுப்பு: நாலு சனிக்கிழமை, ஒரு கோழிக்குஞ்சு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரோசேயில், அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னி, பொம்மை செய்யப் போகிறோம் என்ற ஆசையோடு இந்த வகுப்புக்குப் போனால் முதல் சனிக்கிழமை அழுகைதான் வரும். இரண்டரை மணித்தியாலம் குந்தியிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் வைக்கிற அளவில் ஒரு வட்டம். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இதுக்கோ காசு கட்டினனீ?" என்று கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அக்காவின் மகளுக்கு, என் பெறாமகளுக்கு, ஆவணியில் ஒரு வயது. கையால் ஒன்று செய்து கொடுக்க வேண்டும் என்று தை மாதமே நூலும் ஊசியும் வாங்கி, யூரியூப் பார்த்து இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். பள்ளிக்கூடத்தில் பழகின குரோசே கொஞ்சம் கையில் இருந்தது, கண்ணி கண்ணியாக (ஊசியால் இழுத்துப் போடுகிற ஒவ்வொரு பின்னலும் ஒரு கண்ணி) வரிக்கு வரி திருப்பி நேராகப் பின்னுவேன், ஒரு மஃப்ளர்கூட முடித்திருக்கிறேன் (யாழ்ப்பாணத்து வெயிலுக்கு அதை யார் போடுவது என்பது வேறு கதை). ஆனால் வட்டத்தில் பின்னுவது வேறு சங்கதி. அதற்குக் கரை இல்லை, திருப்புவது இல்லை, ஒரு சுற்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று காட்ட எதுவுமே இல்லை, நத்தை ஓடு மாதிரிச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டே இருக்கும். இந்தக் குட்டிப் பொம்மைகளுக்கு அமிகுருமி என்று யப்பான்காரர் வைத்த பெயர். உருண்டையாக இருக்கிற எல்லாவற்றையும் அப்படித்தான் பின்னுகிறார்கள். எனக்கு மட்டும் உருண்டை வரவில்லை. எதைத் தொடங்கினாலும் புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி மாதிரிக் கூராகத்தான் போனது.

வகுப்பு நடப்பது காங்கேசன்துறை வீதியில் இருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில், ரீச்சரின் வீட்டு விறாந்தையில். ரீச்சர் மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஆறு பேருக்கு அளவான விறாந்தையில் பத்துப் பேர், ஒரே ஒரு ஃபேன். இரண்டு மணிக்கு என்றால் இரண்டரைக்குத்தான் தொடங்கும், இது நாலு கிழமையும் மாறவில்லை.

என் நீத்துப்பெட்டியைக் காட்டினேன். ரீச்சர் சிரிக்கவில்லை.

"முதல் சுற்றில எத்தனை கண்ணி, பிள்ளை?"

"ஆறு, ரீச்சர்."

"வாயால சொல்லாதையும். தொட்டு எண்ணும்."

தொட்டு எண்ணினேன். ஐந்து. திரும்ப எண்ணினேன். ஐந்தேதான்.

விஷயம் இதுதான். விரலில் நூலைச் சுற்றி, ஊசியை விட்டு இழையை இழுத்தெடுத்து, ஒரு சங்கிலி போட்டு, அந்த வளையத்துக்குள் ஆறு கண்ணி பின்னி, தொங்குகிற வாலை இழுத்தால் நடு ஓட்டை மூடிக்கொள்ளும். மஜிக் ரிங் என்பார்கள். அந்தச் சங்கிலி வெறும் பிடிமானத்துக்கு, அது எண்ணிக்கையில் சேராது. நான் அதை முதல் கண்ணியாக எண்ணிக்கொண்டு இரண்டு மாதமும் ஐந்திலேயே தொடங்கியிருக்கிறேன். வீடியோவில் பார்த்த எந்தக் கையும் என்னைத் தொட்டு எண்ணச் சொல்லவில்லை.

ஆறில் தொடங்கினால் அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இரண்டிரண்டு, பன்னிரண்டு ஆகும். பிறகு 18, 24, 30. சுற்றுக்கு ஆறு கூட்டினால் தட்டையாக விரியும், குறைத்துக் கூட்டினால் கூம்பும், அதிகமாகக் கூட்டினால் பாவாடை ஃபிரில் மாதிரிச் சுருங்கி நிற்கும். ஏன் ஆறு என்று ஒருவர் கேட்டதற்கு, எங்களோடு பழக வந்த ஏ.எல் கணிதப் பிரிவுப் பிள்ளை ஒருத்தி பதில் சொன்னாள். இந்தக் கண்ணியின் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று, வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடினால் சுற்றளவு இரண்டு பை மடங்கு, அதாவது 6.28 கூடும், அதனால் ஆறு. ரீச்சர் "எனக்கு உந்தக் கணக்குத் தெரியாது, ஆனா சரி" என்றார். எனக்கு அந்த ஒரு வசனத்துக்கே கட்டின காசு சரி என்று பட்டது.

முதல் நாள் முழுக்க எண்ணுவதும் பிரிப்பதும்தான். ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் வேறு நிற நூல் துண்டு ஒன்றைக் குறுக்கே போட்டு வைக்கச் சொல்லுவார், அது இல்லாமல் பின்னினால் பக்கத்தில் வந்து நின்று அவரே உருவிவிடுவார். ஒருநாள் என் நாலு சுற்று போனது. கோபம் வந்ததுதான். ஆனால் மூன்றாம் கிழமை அளவில் எண்ணாமலே கண்ணியைப் பார்த்து இது கூட்டின இடம், இது கூட்டாத இடம் என்று சொல்ல வந்துவிட்டது. மேலே இருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன வி மாதிரி இருக்கும், ஒன்றின் காலுக்குள் இரண்டு வி முளைத்திருந்தால் அது கூட்டின இடம். பந்து கிண்ணமாக வளையத் தொடங்கும்போது நல்ல பக்கம் உள்ளுக்குப் போய்விடுகிறது என்பதும், பெருவிரலால் அமத்தி அதை வெளியே புரட்டிவிட வேண்டும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. வீட்டில் நான் செய்ததெல்லாம் உட்புறம் வெளியே தெரிய நின்றவை.

குறைக்கிற இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரணமாக இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்கினால் ஒரு கட்டி தெரியும். ரீச்சர் ஊசியை அடுத்தடுத்த இரண்டு கண்ணிகளின் முன் இழைகளுக்குள் மட்டும் விட்டு, நூலைச் சுற்றி அந்த இரண்டுக்குள்ளாலும் இழுத்து, பிறகு வழமைபோல முடிப்பார். எங்கே குறைத்தார் என்று தேடினாலும் கிடைக்காது.

சரி, இனிக் குறைகள். கட்டணத்துக்குள் நூலும் ஊசியும் தருகிறார்கள், ஆனால் தந்த நூல் கருநீல அக்ரிலிக், மயிர் எழும்பினது. புதிதாகப் பழகுகிறவருக்குக் கருநீலம் கொடுப்பது இருட்டுக்குள் ஊசியில் நூல் கோக்கச் சொல்வது மாதிரி. கண்ணியே தெரியாது, பிரித்தால் மயிர் சிக்கிக்கொண்டு நிற்கும், வேர்த்த கைக்கு ஒட்டும். அடுத்த கிழமை நவீன சந்தைப் பக்கம் போய் இளமஞ்சள் பருத்தி நூல் வாங்கிக்கொண்டு போனேன், அதற்குப் பிறகுதான் கை ஓடியது. ஊசியும் நூல் லேபிளில் சொல்கிற அளவைவிடச் சின்னதாக இருக்க வேண்டும், நான் 2.5 மில்லிமீற்றர் பாவித்தேன். பின்னல் நெருக்கமாக இருந்தால்தான் உள்ளே அடைக்கிற பஞ்சு வெளியே எட்டிப் பார்க்காது.

இரண்டாவது குறை பெரியது. தருகிற போட்டோக்கொப்பியில் டி.சி., அதாவது டபிள் குரோசே, என்று போட்டிருக்கிறது. அது பிரித்தானிய முறை, ரீச்சர் படித்ததும் அதுதான். பிரித்தானியர் டபிள் குரோசே என்பதை அமெரிக்கர் சிங்கிள் என்பார்கள், யூரியூப்பில் பாதிக்கு மேல் அமெரிக்க முறை. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நான் வீட்டில் கொப்பியைப் பார்த்து, யூரியூப் டபிள்தான் என்று நினைத்து நெட்டையாகப் பின்னிக்கொண்டு போய், ஒரு முழு உடம்பும் மீன் வலை மாதிரி ஆனது. மூன்று இரவு வேலை. அடுத்த வகுப்பில் சொன்னபோது "ஓ, அதுவோ" என்றார்கள். மேலே ஒரு வரி எழுதி ஒட்டினால் முடிந்தது.

பஞ்சு வகுப்பிலேயே தருகிறார்கள், பொலியெஸ்டர். வீட்டில் இலவம் பஞ்சு கிடக்கிறதே என்று ஒரு அன்ரி கொண்டுவந்தார். அது கண்ணிக்குள்ளால் பறந்து எல்லாருக்கும் தும்மல், தோய்த்தால் கட்டிபட்டும் போகும். கண்ணுக்கு வாசர் போட்டு இறுக்குகிற பிளாஸ்ரிக் கண்கள் வைத்திருக்கிறார்கள், பந்தை மூடுவதற்கு முதலே போட்டுவிட வேண்டும். ஆனால் மூன்று வயதுக்குக் கீழான பிள்ளைக்கு என்றால் வேண்டாம், கறுப்பு நூலால் தைத்துவிடும் என்று ரீச்சர் தானாகவே கேட்டுச் சொன்னார். அதற்கு முழுப் புள்ளி.

கடைசி நாள்தான் அவசரக் கோலம். செட்டை, சொண்டு, கால் எல்லாம் அன்றைக்கே பொருத்த வேண்டும், நடுவில் பிளேன்ரீயும் பருத்தித்துறை வடையும் வந்து எல்லாரும் கை கழுவ எழும்பியதில் அரை மணித்தியாலம் போய்விட்டது (வடை நல்லது, குறை சொல்லவில்லை). பொருத்துவதற்கு இன்னொரு சனிக்கிழமை வேண்டும். என் குஞ்சுக்குச் சொண்டு கொஞ்சம் இடப்பக்கம் பார்க்கிறது.

நாலு கிழமைக்கும் 4,500 ரூபாய், நூல் ஊசியோடு. நேராகப் பின்னத் தெரிந்து வட்டத்தில் மாட்டுப்பட்டிருக்கிறவர்களுக்கு இது சரியான இடம். ஊசியே பிடித்திராதவர்கள் முதலில் வீட்டில் சங்கிலி போட்டுப் பழகிவிட்டுப் போங்கள், பத்துப் பேரில் ரீச்சரால் எல்லாருடைய கையையும் பிடிக்க முடியாது. வெளிர் நிற நூல் உங்களுடையதாக இருக்கட்டும், அப்புறம் இரண்டரைக்கே போங்கள். அடுத்த வகுப்பு நல்லூர்த் திருவிழா முடிந்த பிறகாம், முயல். பெயர் கொடுத்துவிட்டேன். அம்மாவும் வருகிறாவாம்.