கோரி டென் பூம் இல்லம், ஹார்லெம்: முதலில் அலமாரியின் கீழ்த்தட்டைப் பாருங்கள்

விசுவாசத்துக்காகத் துணிந்து நிற்பது என்றதும் நம் பிரசங்கங்களில் பைபிளின் தானியேல் புத்தகத்துச் சிங்கக் கெபியும் அக்கினிச் சூளையும் வந்துவிடும். நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் இருக்கும் இந்தச் சிறிய அருங்காட்சியகத்தில் அந்தத் துணிவு செங்கல்லாகவும் ரேஷன் அட்டையாகவும் நேரம் வைத்துச் செய்த ஒத்திகையாகவும் கண்முன் நிற்கிறது. போய்ப் பார்க்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

1837-ல் தொடங்கிய கடிகாரக் கடை, மேலே குடியிருப்பு. இரண்டாம் உலகப் போரில் நாஜி ஜெர்மனி நெதர்லாந்தை ஆக்கிரமித்திருந்த காலத்தில் காஸ்பர் டென் பூமும் மகள்கள் பெட்சியும் கோரியும் யூதர்களை இங்கே மறைத்து வைத்தார்கள். வழிகாட்டி முதலில் வரவேற்பறையில் உட்காரவைத்துக் குடும்பத்தின் கதையைச் சொல்வார். அடுத்து மேல்மாடியில் கோரியின் படுக்கையறை. மறைவிடம் அங்கேதான்.

உண்மைச் சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர். நடுவில் ஏறத்தாழ இரண்டரை அடி இடைவெளி. பலகைத் தடுப்பைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் என்று ஓசையே சொல்லிவிடும், ஆகவே செங்கல். புதுப்பூச்சு தெரியாதபடி நீர்க்கறை படிந்த பழைய சுவர்போல வண்ணம் பூசினார்கள். ஜெர்மன் காவலர்களின் சோதனை கீழிருந்து தொடங்கும், ஓடி ஒளியச் சில நொடிகள் கிடைக்கும் என்பதால் வீட்டின் உச்சியைத் தேர்ந்தார்கள். நுழைவு, அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் பின்னால் நகரும் பலகை வழியாக.

இன்றைய பார்வையாளர்களுக்காகச் சுவரில் ஒரு திறப்பு வெட்டியிருக்கிறார்கள். பெரும்பாலோர் நேரே அதில்தான் எட்டிப் பார்க்கிறார்கள். அது வேண்டாம். முதலில் கீழ்த்தட்டின் முன் குனிந்து அந்த நுழைவின் அளவைப் பாருங்கள்; ஆஸ்துமாவில் மூச்சு இரைத்த பெண்ணும் இதற்குள் தவழ்ந்துதான் போனார்.

அழைப்பு மணி வைத்து ஒத்திகை பார்த்தபோது முதல் முறை நான்கு நிமிடம் ஆனதாகவும் பிறகு எழுபது நொடிக்குக் கொண்டுவந்ததாகவும் கோரி எழுதியிருக்கிறார். ஒளிந்தால் மட்டும் போதாது. மேசையில் ஒரு தட்டு கூடுதலாக இருந்தாலே மாட்டிக்கொள்வார்கள். படுத்த சூடு மெத்தையில் இருக்கும் என்பதால் அதையும் புரட்டிப்போட வேண்டும். ஜெபத்தை நம்பி இந்தப் பயிற்சியை விட்டவர்கள் அல்ல இவர்கள். பயிற்சியை நம்பி ஜெபத்தை விட்டவர்களும் அல்ல.

1944 பிப்ரவரி 28 அன்று ஒருவன் காட்டிக்கொடுத்ததால் வீடு சோதனைக்குள்ளானது. சுவருக்குப் பின்னால் நான்கு யூதர்களும், ஆக்கிரமிப்பை எதிர்த்து மறைவாக இயங்கிய எதிர்ப்பியக்கத்தினர் இருவரும் 47 மணி நேரம் இருந்தார்கள், அந்தச் சோதனையில் அகப்படவில்லை. வீட்டாருக்குத்தான் தண்டனை. 84 வயது காஸ்பர் பத்தே நாளில் காவலில் இறந்தார். பெட்சி அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியின் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் இறந்தார். கோரி மட்டும் திரும்பினார். சுற்றை முடித்துவிட்டு வெளியே வரும்போது ஆல்பினா கடிகார விளம்பரப் பலகையைப் பற்றிக் கேளுங்கள். அது ஜன்னலில் இருந்தால் உள்ளே வரலாம் என்று அடையாளம்.

நடைமுறைக்கு வருவோம். ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலிலிருந்து ரயிலில் கால்மணி, இருபது நிமிடம். நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். முகவரி பார்டல்யோரிஸ் தெரு 19, ஆனால் வாசல் கடையை ஒட்டிய சந்தில். காணிக்கை போடலாம். வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும், சுமார் ஒரு மணி நேரம். குழு சிறியது என்பதால் இணையத்தில் முன்பதிவு செய்யாமல் போனால் இடம் கிடைப்பது சந்தேகம். பதியும்போது ஆங்கிலச் சுற்றா டச்சுச் சுற்றா என்று கவனியுங்கள். படிகள் குறுகல், செங்குத்து, லிஃப்ட் இல்லை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப்போவது சிரமம். அவர்களுக்கு அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே மெய்நிகர் சுற்று உண்டு. படுக்கையறைக்குள் நுழையும்போது வரிசையின் கடைசியில் நில்லுங்கள், மற்றவர்கள் நகர்ந்தபின் அலமாரியருகே கூடுதல் நேரம் கிடைக்கும்.