மண்டபத்துக்கு ஒன்று, குளத்துக்கு ஒன்று: சோனி ஏ7 ஃபோரும் ஏ6700-உம்

பாளையங்கோட்டையில் கல்யாண ஃபோட்டோகிராஃபி என் தொழில். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் நெல்லை மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தில் பறவை எடுப்பேன். இரண்டுக்குமாக என் பையில் சோனி பாடிகள் (லென்ஸ் இல்லாத கேமரா) இரண்டு இருக்கின்றன: ஒளியைப் படமாக்கும் சென்சார் பெரிதாக, ஃபுல் ஃப்ரேம் அளவில் உள்ள ஏ7 ஃபோர், அதைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள ஏ6700. லென்ஸ் மாட்டும் மவுன்ட் ஒன்றே, பேட்டரியும் ஒன்றே. லென்ஸை இதில் கழற்றி அதில் மாட்டலாம். அதனால் சென்சார் அளவு மட்டும் மாறினால் படத்தில் என்ன மாறுகிறது என்பதை வேலையினூடேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள், "அண்ணே, ஃபுல் ஃப்ரேம் வாங்கினாத்தானே ஆர்டர் வரும்?" என்று கேட்பார்கள். "எந்த வெளிச்சத்துல எடுக்கப் போற? எவ்வளவு தூரத்துல நிக்கப் போற?" என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எந்த கேமரா என்பது தானாக முடிவாகிவிடும்.

முதலில் வெளிச்சம். ஃபுல் ஃப்ரேம் சென்சார் ஏறத்தாழ 36-க்கு 24 மி.மீ.; ஏ6700-இல் இருப்பது 23.3-க்கு 15.5 மி.மீ. பரப்பளவில் 2.3 மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரே அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது), ஒரே ஷட்டர் வேகம் வைத்தால் பெரிய சென்சாருக்கு ஒரு ஸ்டாப்புக்குச் சற்று அதிகமாகவே, அதாவது இரண்டு மடங்குக்கு மேல், வெளிச்சம் கிடைக்கிறது. விடியற்காலை முகூர்த்தம், கோயிலில் கல்யாணம், ஃபிளாஷ் போடக் கூடாது என்றால் அந்த ஒரு ஸ்டாப்பின் அருமை தெரியும். எஃப் 2.8, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ (வெளிச்சம் குறைந்தால் ஏற்றும் எண்) 6400 வைத்து ஏ7 ஃபோரில் எடுத்தால் கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு அப்படியே அடர்த்தியாக நிற்கும். அதே செட்டிங்கில் ஏ6700 படத்தின் நிழல் பகுதிகளில் நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியான கரகரப்பு, ஏறும். அதை எடிட்டிங்கில் துடைக்கப் போனால், பூ பூவாகத் தெரிந்த மல்லிகைச் சரம் வெள்ளைப் பட்டையாகிவிடும். கல்யாணப் பெண் முதலில் பார்ப்பதே தலை அலங்காரத்தைத்தான்!

மண்டபத்துக்குள் கதை வேறு. வீடியோக்காரர்கள் லைட்டைப் போட்ட பிறகு ஐஎஸ்ஓ 1600-ஐத் தாண்டுவது அபூர்வம். அங்கே இரண்டு பாடிகளிலும் எடுத்ததைக் கலந்துதான் ஆல்பம் செய்கிறேன். நம் ஊர் ஆல்பம் விரித்தால் 12-க்கு 36 அங்குலம். ஒரு பக்கம் முழுக்க ஒரே படம் வைத்தால் 12-க்கு 18. அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 5400-க்கு 3600, அதாவது சுமார் 19 மெகாபிக்சல். ஏ6700 தருவது 26. ஏ7 ஃபோர் தருவது 33. அச்சில் வரும்போது இந்த 26-க்கும் 33-க்கும் நடுவே எந்த வித்தியாசமும் தெரிவதில்லை.

பின்னணி மங்கல் ஃபுல் ஃப்ரேமில்தான் வரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதில் பாதி லென்ஸின் வேலை. ஏபிஎஸ்-சி பாடியில் சிக்மாவின் 56 மி.மீ. எஃப் 1.4 லென்ஸை மாட்டினால், இரண்டு எண்ணையும் 1.5-ஆல் பெருக்கி, ஃபுல் ஃப்ரேமில் 84 மி.மீ. எஃப் 2.1 போட்டது போன்ற படம் வரும். சோனியின் ஃபுல் ஃப்ரேம் 85 எஃப் 1.8-உடன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மங்கலில் மயிரிழைதான் வித்தியாசம். ஜூம் லென்ஸுக்கு வந்தால் இடைவெளி கூடும். சின்ன சென்சாரில் எஃப் 2.8 ஜூம் மாட்டினாலும் மங்கல் ஃபுல் ஃப்ரேமின் எஃப் 4 அளவுக்குத்தான் வரும். ஆனால் எடையைப் பாருங்கள்: ஏ7 ஃபோரும் டாம்ரான் 28-75-உம் சேர்ந்து 1,200 கிராம், கிட்டத்தட்ட அதே கோணம் தரும் சிக்மா 18-50-உடன் ஏ6700 783 கிராம். காலை நலங்கில் தொடங்கி இரவு ரிசப்ஷன் முடியும்வரை கழுத்தில் தொங்கும் எடை இது.

இவ்வளவு சொல்லியும், கல்யாணத்துக்கு நான் ஏ7 ஃபோரைத்தான் மெயினாக வைத்திருக்கிறேன். அதற்கு சென்சாரை விடப் பெரிய காரணம், கார்டு போட அதில் இரண்டு ஸ்லாட் இருப்பது. ஏ6700-இல் ஒன்றுதான். ஒரு கல்யாணம் முடிந்து வந்தபோது ஒரு கார்டு திறக்கவே இல்லை. தாலி கட்டிய நேரம் அத்தனையும் இரண்டாவது கார்டில் பத்திரமாக இருந்தது. தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் ஒற்றைக் கார்டை நம்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு லட்சத்துக்கு மேல் விலை வைக்கும் கேமராவில் இரண்டாவது ஸ்லாட் கொடுக்காதது சோனி செய்த தவறு என்றே சொல்வேன்.

இனி கூந்தன்குளம். மழை நன்றாகப் பெய்த வருடம் ஜனவரி, பிப்ரவரியில் போனால் ஊருக்குள் மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கும். தண்ணீரின் நடுவே, வெகு தொலைவில், வரித்தலை வாத்துகள். இமயமலையைத் தாண்டி வந்த விருந்தாளிகள். நாரைக்கு எந்த கேமராவும் போதும். வாத்துக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

600 மி.மீ. லென்ஸ் வழியாக அந்த வாத்து சென்சாரில் விழும் அளவு இரண்டு பாடியிலும் ஒன்றுதான். ஃபுல் ஃப்ரேமில் சுற்றியுள்ள தண்ணீர் அதிகமாகச் சேர்ந்து வரும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரை வெட்டி எறிந்து ஏபிஎஸ்-சி அளவுக்கு வந்தால் ஏ7 ஃபோரில் மிஞ்சுவது 14 மெகாபிக்சல். ஏ6700-இல் முழு 26-உம் இருக்கும். இறகின் ஓரம், கண்ணில் தெறிக்கும் ஒளி எல்லாம் அந்தக் கூடுதல் பிக்சலில்தான் வருகின்றன. அதோடு, வெட்டியபோதே பெரிய சென்சாரின் வெளிச்ச லாபமும் தண்ணீரோடு போய்விட்டது. பறவைமேல் விழுந்த வெளிச்சம் இரண்டிலும் ஒன்றுதானே. தூரத்துப் பறவைக்குப் பெரிய சென்சார் வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. 61 மெகாபிக்சல் ஏ7ஆர் ஃபைவை வாங்கி கிராப் செய்தாலும் அதே 26-க்குத்தான் வந்து நிற்பீர்கள்.

ஃபோகஸிலும் ஏ6700 முந்துகிறது. பறவையை அடையாளம் காண இதில் தனி ஏஐ சிப் இருக்கிறது. ஏ7 ஃபோரில் இல்லை. கோரைப் புல்லுக்குள் நிற்கும் கொக்கின் கண்ணை ஏ6700 பிடித்துக்கொள்ளும். அதே இடத்தில் ஏ7 ஃபோர் பல சமயம் முன்னால் உள்ள புல்லுக்குத் தாவிவிடுகிறது.

கையில் பிடிப்பதுதான் ஏ6700-இல் தொல்லை. 200-600 லென்ஸ் மட்டுமே 2,115 கிராம், பாடி 493. சுண்டுவிரல் கிரிப்புக்குக் கீழே அந்தரத்தில் நிற்கும், லென்ஸின் அடியில் இடது கை தாங்கினால்தான் முடியும். ஃபோகஸ் புள்ளியை நகர்த்த ஜாய்ஸ்டிக் இல்லை. வியூஃபைண்டரும் சின்னது. நடந்து நடந்து எடுக்கும் நாட்களில் 70-350 லென்ஸைத்தான் மாட்டுகிறேன். 625 கிராம், ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 525 மி.மீ. வரை எட்டுகிறது. வெயில் ஏறுவதற்குள் குளத்தை ஒரு சுற்று வர அதுதான் வசதி.

வீடியோ பற்றி ஒன்று மட்டும். ஏ7 ஃபோரில் 4கே 60 (நொடிக்கு 60 ஃப்ரேம்) வைத்தால் அது தானாகவே ஏபிஎஸ்-சி அளவுக்குச் சுருங்கிவிடும். ஏ6700 அதே 4கே 60-ஐ ஏறக்குறைய முழு அகலத்திலும் எடுக்கிறது. ஸ்லோமோஷனுக்காகவே ஃபுல் ஃப்ரேம் வாங்கப் போகிறவர்கள் இதைக் கடையில் கேட்டு, போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கல்யாணம்தான் பிழைப்பு என்றால் ஏ7 ஃபோர் வாங்குங்கள். பழைய பாடி நல்ல நிலையில் கிடைத்தாலும் போதும். வீட்டுக் குழந்தைகள், ஊர்க் கோயில் கொடை, பயணம் என்பவர்களுக்கு ஏ6700-உம் எஃப் 1.4 லென்ஸ் ஒன்றும். இரண்டு பாடிகளுக்கும் விலையில் நல்ல வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பணம் லென்ஸுக்குப் போகட்டும். பறவை எடுக்க ஆசை இருக்கிறது, ஆனால் தொடர்ந்து போவோமா என்று தெரியவில்லை என்பவர்கள், 200-600-ஐ ஒரு சனி, ஞாயிறுக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பெரிய ஊர்களில் எல்லாம் கிடைக்கிறது. பிடித்துப்போனால் பாடியை மட்டும் வாங்கிக்கொண்டு, ஒரு சீசன் வரை லென்ஸை வாடகைக்கே ஓட்டலாம்.