ஆஃப்ரோ முடி உள்ளவர்கள் முடி நட வெளிநாட்டுக்கு டிக்கெட் போடுமுன் இதை ஒருக்கா வாசியுங்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதில் பாதிப் பிழை என்னுடையது. என் கணவர் கானா பூர்வீகம், லண்டனில் பெக்கம் பக்கம் பிறந்து வளர்ந்தவர், ஆஃப்ரோ முடி என்கிற இறுக்கமான சுருள் முடி. நாற்பதைத் தாண்டியதும் நெற்றியின் இரண்டு பக்கமும் ஏறத் தொடங்கியது. 2022இல் என் மச்சான் இஸ்தான்புல் போய் முடி வைத்துக்கொண்டு வந்து, பத்து மாதத்தில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். அதைப் பார்த்துவிட்டு இவரையும் அங்கேயே போகச் சொல்லி நச்சரித்தது நான்தான். அதே கிளினிக், அதே பேக்கேஜ், அதே காசு. ஆனால் மச்சானின் முடி ஈர்க்கு மாதிரி நேராக இருக்கும், இவருடையது அப்படியில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

வாட்ஸ்அப்பில் ஐந்து படம் அனுப்பினோம். இருபது நிமிடத்தில் பதில்: 3,200 கிராஃப்ட் (பின்தலையிலிருந்து எடுத்து நடும் வேர்), சஃபையர் எஃப்யூஇ (வேரை ஒவ்வொன்றாகத் தோண்டியெடுக்கும் முறை), ஹோட்டல், வேன் எல்லாம் சேர்த்து 2,400 யூரோ. சுருள் முடிக்கு ஏதாவது வித்தியாசமாகச் செய்வீர்களா என்று இவர் கேட்டதற்கு, 'நோ ப்ராப்ளம் பிரதர்' என்று கட்டைவிரல் படத்தோடு ஒரே வரி. வெட்டுக்காயம் தடித்துக் கட்டியாகிற கீலாய்ட் வீட்டில் யாருக்காவது உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. இவருடைய அம்மாவுக்குக் காது குத்திய இடத்தில் புளியங்கொட்டை அளவில் ஒன்று நாற்பது வருடமாக இருக்கிறது, கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

நாங்கள் விழுந்தது அந்த 'சஃபையர்' என்ற சொல்லில். ஏதோ பெரிய நுட்பம் என்று நினைத்தோம். அது முடியை நடுவதற்குத் தோலில் கீறல் போடும் கத்தியின் முனை, அவ்வளவுதான். டிஎச்ஐ என்று கூட்டிச் சொல்லி விற்பதும் நடுகிற பேனாவைத்தான். இரண்டுமே முன்பக்கத்துக் கதை. ஆஃப்ரோ முடியில் காரியம் கெடுவது பின்தலையில், வேரை எடுக்கும்போது. வெளியே தெரிகிற சுருள் தோலுக்குக் கீழேயும் இருக்கிறது, வேர் அரிவாள் மாதிரி வளைந்து கிடக்கும். எஃப்யூஇ செய்பவர் ஒரு மில்லிமீட்டர் அளவிலான குழாய்க் கத்தியை மோட்டாரில் சுழற்றி, மேலே முடி நிற்கும் சாய்வைப் பார்த்து உள்ளே இறக்குகிறார், கீழே நடப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. நேர் முடிக்கு அது போதும். வளைந்த வேரை அந்தக் கத்தி பாதியில் அறுத்துவிடும். அறுந்தால் எடுத்த இடமும் போச்சு, நட்ட இடத்திலும் முளைக்குமா என்பது சந்தேகம்.

அன்றைக்கு நடந்தது இதுதான். டாக்டர் என்று ஒருவர் வந்து பத்து நிமிடம் நெற்றியில் கோடு வரைந்துவிட்டுப் போனார், பிறகு அவரைக் காணவில்லை. எடுத்ததெல்லாம் டெக்னீஷியன்கள். ஒரு மணி நேரத்தில் அவர்கள் குசுகுசுத்தார்களாம், கத்தி முனையை மாற்றினார்களாம், குப்புறப் படுத்திருந்த இவருக்குத் துருக்கி மொழி எங்கே விளங்கும்? சாப்பாட்டு இடைவேளையில் இவர், எடுத்த வேர்களை வைத்திருந்த தட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். அந்தப் படத்தை இன்றைக்கும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். ஈரத் துணியில் பத்துப் பத்தாக அடுக்கியிருக்கிறது. மச்சான் அனுப்பிய படத்தில் ஒவ்வொரு முடிக்கும் அடியில் குட்டி வெங்காயம் மாதிரி வெள்ளையாக ஒரு உருண்டை இருந்தது. இவருடைய தட்டில் பாதிக்கு மேல் அந்த உருண்டையே இல்லை, நறுக்கிவிட்ட மாதிரி மொட்டையாக, சிலது நடுவில் பிளந்து. அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, இதயப் பொம்மை போட்டுப் பதில் அனுப்பினேன்.

பதினான்கு மாதம் காத்திருந்தோம். முன்னால் அங்கொன்றும் இங்கொன்றும். பின்னால் பூச்சி அரித்த கம்பளி மாதிரி வெள்ளை வெள்ளைப் புள்ளி, பிடரிப் பக்கம் ஏழெட்டு இடத்தில் தடித்து அரிக்கிறது. இருபது வருடமாக இவருக்கு முடி வெட்டும் பார்பர் ஒன்றும் சொல்லாமல், இனிக் கொஞ்சம் நீளமாக விடுவோமா என்று மட்டும் கேட்டாராம். வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

பிறகு லண்டனில் ஆஃப்ரோ முடி செய்து பழகிய ஒரு சர்ஜனிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, சோதனை எடுத்தார்களா? 2002இல் ராஸ்மேன், பெர்ன்ஸ்டீன் என்ற முடி நடும் டாக்டர்களின் குழு எஃப்யூஇ பற்றி எழுதிய கட்டுரையிலேயே ஃபாக்ஸ் சோதனை என்று ஒன்று இருக்கிறதாம்: முதலில் சில வேர்களை மட்டும் எடுத்து, எத்தனை அறுபடுகிறது என்று பார்த்துவிட்டு, இந்த ஆளுக்கு இந்த முறை சரிவருமா என்று முடிவெடுப்பது. இருபது வருடப் பழைய விஷயம், எங்களுக்கு ஒருவரும் மூச்சுவிடவில்லை.

அவர் சொன்ன இன்னொன்று, எஃப்யூடி. பின்தலையில் ஒரு பட்டை தோலை வெட்டியெடுத்துத் தைத்துவிட்டு, அந்தப் பட்டையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பிரிப்பார்கள். வளைவு கண்ணுக்குத் தெரிவதால் வேர் அறுபடுவது குறைவு. ஆனால் பின்னால் நீளமாக ஒரு கோடு விழும், இவரைப் போல ஒட்ட வழித்து ஃபேட் வெட்டுகிறவருக்கு அது தெரியும், கீலாய்ட் உடம்பென்றால் அந்தக் கோடே தடிக்கலாம். அதனால் ஆஃப்ரோ முடிக்கு எஃப்யூடிதான் என்று கண்ணை மூடிச் சொல்லவும் ஏலாது. வளைந்த வேருக்கென்றே வளைவாகச் செய்த பஞ்ச்களும் (அந்தக் குழாய்க் கத்திதான்) உண்டு, கலிபோர்னியாவில் சனுசி உமர் என்ற தோல் மருத்துவர் அதில் பெயர் பெற்றவர். எது என்பது அந்தத் தலையில் சோதித்துப் பார்த்த பிறகு பேச வேண்டியது. எனக்கு வயிறு எரிந்தது எதில் தெரியுமா, சுருள் முடி ஒவ்வொன்றும் அதிக இடத்தை மூடுமாம், ஒழுங்காக எடுத்திருந்தால் 3,200இல் பாதியே இவருக்குக் காணுமாம்.

கிளினிக்கிடம் கேட்டோம். பதினெட்டு மாதம் பொறுங்கள் என்றார்கள், பிறகு இலவசமாக இன்னொரு முறை வாருங்கள், ஆனால் எங்கும் எழுத மாட்டேன் என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். முழுக் காசையும் ஹோட்டலில் வைத்து நோட்டாகக் கொடுத்திருந்தோம், 'கார்டென்றால் வரி வரும்' என்ற கதையை நம்பி. பிரிட்டனில் 100 பவுணுக்கு மேலான செலவைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் செக்ஷன் 75 என்ற சட்டப்பிரிவைக் காட்டி வங்கியிடமாவது மல்லுக்கட்டிப் பார்த்திருக்கலாம்.

இவருடைய தங்கை உச்சி மெலிகிறது என்று அதே கிளினிக்கின் ஏஜெண்டிடம் கேட்டிருந்தாள், அவளுக்கும் அரை மணிக்குள் விலை வந்தது. நல்லகாலம், தோல் மருத்துவரிடம் போனாள். சிசிசிஏவாம், வேரே தழும்பாகிப் போகிற நோய், கறுப்பினப் பெண்களுக்கு அதிகம் வருவது. அந்த நோய் அடங்குமுன் மேலே முடி நட்டால் நட்டதும் போய்விடும்.

யாராவது விலை சொன்னால், ஆஃப்ரோ முடிக்காரரின் ஆறிய பின்தலையை, ஒட்ட வெட்டின படமாகக் காட்டச் சொல்லுங்கள். நெற்றிப் படம் எல்லாரிடமும் இருக்கும். இங்கிலாந்து கிளினிக் என்றால் மருத்துவ நிலையங்களைக் கண்காணிக்கும் கேர் குவாலிட்டி கமிஷனில் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள், அதற்காகச் சுருள் முடி அவர்களுக்குக் கைவந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

இவருக்கு அடுத்த மாதம் சோதனை. இருபது வேர்தான் எடுப்பார்களாம், தடித்த இடங்களைத் தவிர்த்து. எடுத்ததும் தட்டை எனக்குக் காட்ட வேண்டும் என்று சர்ஜனிடம் சொல்லிவைத்திருக்கிறேன், இந்த முறை எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.