எண்ணெய் கலந்த கிணற்றைத் துப்புரவாக்க முற்பணம் கொடுக்குமுன் வாசியுங்கள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் கிணற்று நீரில் எண்ணெய் வாடையை உணர்ந்த வீட்டுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டே நாளில் கிணற்றைச் சுத்தமாக்கித் தருவதாக வீடு தேடி வந்தவர்களிடம் 85,000 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்தேன். அவர்களுடைய பெயரை எழுதவில்லை. நாளை வேறு பெயரில் உங்கள் படலையடியில் வந்து நிற்கக்கூடும் என்பதால், அவர்கள் வேலை செய்த முறையையே விளக்கமாக எழுதுகிறேன்.

சுன்னாகத்து டீசல் மின்நிலைய வளாகத்திலிருந்து கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்ததும், அது தொடர்பான வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தத் தீர்ப்பளித்ததும் எங்கள் பகுதியினர் அறிந்தவை. வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணத்தில் குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் பெரும்பாலும் கிணற்றையே நம்பியிருக்கிறோம். விடியற்காலையில் வாளியை இறக்கும்போது நீரின் மேல் மெல்லிய படலம் விலகி மறுபடி கூடும். வாளியின் உட்புறத்தை விரலால் தடவினால் வழுக்கும். பேரப்பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீரில் தேநீர் ஊற்றிக் கொடுக்க மனம் வராமல் தவித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அவர்கள் வந்தார்கள்.

இரண்டு நாட்கள் மோட்டர் வைத்து இறைத்தார்கள். உட்சுவரைத் தேய்த்துக் கழுவினார்கள். ஏதோ வெள்ளைத் தூளைக் கரைத்து ஊற்றினார்கள். இறைத்த தண்ணீர் முழுவதையும் வாய்க்கால் வெட்டி முப்பது அடிக்கு அப்பாலுள்ள பனங்காணிக்குள் ஓடவிட்டார்கள். எங்கள் நிலத்தின் அடியில் இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது விரைவிலேயே கீழே இறங்கிவிடும் என்பதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். கேட்டபோது, "வெயிலில் எல்லாம் காய்ந்துவிடும் ஐயா" என்றார்கள்.

அடுத்து நடந்ததுதான் பெரிய மோசடி. இறைத்து முடித்த அன்றே, கிணற்றின் அடியில் கிடந்த குழாய்வழி வந்த தண்ணீரை ஒரு பழைய சோடா போத்தலில் பிடித்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார்கள். எண்ணெய் மிதப்பது மேலே. மாதிரி எடுத்தது அடியிலிருந்து. பிளாஸ்ரிக் போத்தலின் சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இத்தகைய சோதனைக்குக் கண்ணாடிப் போத்தலே பயன்படுத்த வேண்டும் என்று பின்னர் ஓர் இரசாயன ஆசிரியர் எனக்குச் சொன்னார். அவர்கள் தந்த அறிக்கையில் அமிலத்தன்மை, கடினத்தன்மை, குளோரைட்டு, கிருமிகள் ஆகியவை இருந்தன. எண்ணெய் என்ற சொல்லே இருக்கவில்லை. அந்தத் தாளைக் காட்டித்தான் மிகுதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். பற்றுச்சீட்டுத் தரவில்லை.

பத்தொன்பதாம் நாள், மாரி மழை தொடங்கி நீர்மட்டம் உயர்ந்தபோது, படலம் திரும்பி வந்துவிட்டது. தொலைபேசியில் அழைத்தேன், மழை நீர் கலந்ததால் வந்தது என்றார்கள், பிறகு அழைப்பை எடுப்பதே இல்லை.

திரும்பி வந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எண்ணெய் கிணற்றுக்குள் மட்டும் இருப்பதில்லை. நீர்மட்டம் கோடையில் இறங்கி மாரியில் ஏறும்போதெல்லாம் அதன் மேல் மிதக்கும் எண்ணெய் சுற்றியுள்ள பாறை இடுக்குகளில் பூசப்பட்டு, அங்கிருந்து மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காகக் கசிந்துகொண்டிருக்கும். கிணற்றை வற்ற இறைத்தால் சுற்றுப்புறத்து எண்ணெயும் அதை நோக்கி இழுபட்டு வருகிறது. உண்மையான துப்புரவு என்றால் முதலில் கசிவை நிறுத்தி, மிதக்கும் எண்ணெயைப் பல குழிகளில் வடித்தெடுத்து, நீரை வெளியே எடுத்துக் கரியூடாக வடிகட்டி, காற்றைச் செலுத்தி எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்களைப் பெருக வைப்பதாகும். அது ஒரு பிரதேசம் முழுவதற்கும் அரசு பொறுப்பேற்றுப் பல ஆண்டுகள் செய்ய வேண்டிய வேலை. தனியொரு வீட்டு முற்றத்தில் இரண்டு நாளில் முடிகிற வேலையன்று.

அவர்கள் விற்க முயன்ற வடிகட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிரட்டைக்கரி எண்ணெயைப் பிடிப்பது உண்மைதான். ஆனால் கரி எண்ணெயால் நிறைந்த பிறகு மேலும் எதையும் பிடிக்காது. மூன்று ஆண்டுகள் மாற்றத் தேவையில்லை என்று சொல்பவரை நம்பாதீர்கள். குளோரீன் எண்ணெயை நீக்காது. கொதிக்க வைத்தாலும் பாரமான எண்ணெய் கேத்திலிலேயே தங்கிவிடும். பென்சீன் போன்ற இலகுவானவை ஆவியாகிக் குசினிக்குள் பரவும். பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம், நாக்கும் மூக்கும் அந்த அளவை ஒருபோதும் கண்டுபிடிக்க மாட்டா.

துப்புரவுக்கு யாராவது வந்தால், இறைக்கும் நீரை எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்று முதலில் கேளுங்கள். மாதிரியை நீங்களே கண்ணாடிப் போத்தலில், மேல்மட்டத்திலிருந்து எடுத்து, எண்ணெய்க்கும் பென்சீனுக்கும் சோதிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அடுத்த மாரி கழிந்து மறுபடி சோதிக்கும் வரை பாதிப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரைப் படலையோடு திருப்பி அனுப்புங்கள். நாங்கள் இப்போது பவுசர் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.